குழாயடி ராஜ்ஜியமும் பத்தொன்பது குடமும்

1

மூன்று மாதத்துக்கு முன்னால் டிவியில் ஒரு நாட்டுத் தலைவர் ஓடிப்போனதைக் காட்டினார்கள். எந்த நாடு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜனங்கள் அவர் மாளிகைக்குள் புகுந்து சோபாவில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொம்பளை அவருடைய சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

என் மருமகன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷம் இந்த ஆளை எப்படித்தான் விட்டு வெச்சாங்களோ" என்றார். பேத்தி கீர்த்தி, ராணுவம், போலீஸ், பத்திரிகை என்று ஆங்கிலத்தில் என்னவோ விளக்கினாள். என் மகள் விமலா மறுநாள் ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு டியூட்டி என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கனடாவுக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகு இன்னும் மோசம், இங்கே பாதிப் பேச்சு எனக்குப் புரியாத பாஷையில் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நம் தங்க வயல்காரர்கள் நடத்தும் இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். பனியைப் பற்றியும் குளிர்க் கோட்டைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம் ஒரு கடிதமும் வந்தது. விமலாவின் அப்பா போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. அவர் இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை பார்த்ததற்கு மனைவிக்கு ஏதோ பென்ஷன் உண்டாம். அதற்கு எழுதிப் போட்டிருந்தோம். விசாரணைக்குப் போன அன்று கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் மெதுவாக, அழகாக, அவர் உங்கள் பார்ட்னரா என்று கேட்டாள். நம் ஊரில் பார்ட்னர் என்றால் சுரங்கத்தில் ஒரே டிரில் மெஷினைப் பிடிக்கிற ஜோடி ஆள். நான் இல்லை என்று தலையாட்டி, "பார்ட்னர் முனுசாமி" என்றேன். அதை அவள் எழுதிக்கொண்டாள். முனுசாமியை எங்கள் காகிதத்திலிருந்து கிளப்ப விமலாவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது வந்த கடிதத்தில் கல்யாணச் சான்று கேட்டிருந்தார்கள். எங்களுக்குக் கோவிலில் கல்யாணம். காகிதம் எதுவும் கிடையாது. அப்படியானால், சொந்தக்காரர் அல்லாத ஒருவர், நீங்கள் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்ததை நேரில் அறிந்தவர், அது எப்படித் தெரியும் என்று தன் வார்த்தையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அந்த லைன்ல அப்ப இருந்தவங்க யாராவது ஒருத்தர் உயிரோட இருப்பாங்க இல்லம்மா?" என்றாள் விமலா.

ஒருத்தி இருந்தாள். பவுனு. அவளிடம் போய் என் புருஷனுக்கு நான்தான் மனைவி என்று சொல்லச் சொல்ல வேண்டும். கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஆறு வாரம் அங்கேயே இருந்தது.

2

எங்கள் லைன், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டின குடியிருப்பு, மாரிகுப்பத்தில். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுவில் மூங்கில் தட்டிதான் சுவர். எதிரும் புதிருமாக நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் பேத்தமங்கலம் ஏரி வற்றிப்போய், காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. பொம்பளைகள் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் பித்தளைக் குடத்தால் ஒருத்தி மண்டையில் இன்னொருத்தி போட, எட்டுத் தையல்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ரங்கநாயகி அக்கா வீட்டு வாசலுக்குப் போனோம். அவர் புருஷன் ஷாஃப்ட்டு என்கிற சுரங்கக் கிணற்றில் மணி அடிக்கிறவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைக் கீழே இறக்குவதும் மேலே ஏற்றுவதும் அவர் மணியில்தான். ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் கூண்டில் மனுஷன் இருக்கிறான், பார்த்து இழு. லைனில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும். அந்த மணியின் மரியாதை அக்காவுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் நியாயமானவர், கத்திப் பேசமாட்டார்.

"எனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? நாளைக்கு நீங்களே என்னைத் திட்டுவீங்க. போங்க" என்றார்.

மறுநாளும் போனோம். மறுநாளும் போகச் சொன்னார். மூன்றாம் நாள், தலை வாரிக்கொண்டே சொன்னார்:

"சரி. ஆனா நான் சொன்னா சொன்னதுதான். அப்பால மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்கக் கூடாது."

"உன் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல எக்கா" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். கூட்டத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது என் ஆயுளில் அது ஒன்றுதான்.

குழாய்க்குப் பக்கத்துப் புங்கமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். அடிக்க ஒரு பெரிய போல்ட்டு. சுரங்கத்து மணிதான் குழாய்க்கும். ஒன்று அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் குடத்தை இறக்கி வைக்கலாம். மூன்று அடித்தால் அடுத்த ஆள் வரலாம். பிள்ளைத்தாச்சிக்கு முதல் குடம், வயசானவர்களுக்கு அடுத்தது, பிறகு வீட்டு நம்பர்ப்படி.

முதல் மாதம் சொர்க்கம். சண்டை இல்லை, சிந்தல் இல்லை, அடுப்பில் உலை வைத்துவிட்டு நிதானமாக வரலாம். அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டுதான் அப்புறம் மூன்று வருடம் பொறுத்துக்கொண்டோம்.

3

லைனில் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும். அக்கா என்னைக் கூப்பிட்டு, எல்லாக் குடத்திலும் தாரால் வீட்டு நம்பர் எழுதச் சொன்னார். வெயிலில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து நாற்பது வரை எழுதினேன்.

"அச்சு மாரி கீதுடி" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அக்கா எல்லா நாளும் மரத்தடியில் நிற்க முடியாது, யாரிடமாவது போல்ட்டைக் கொடுப்பார், அது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அடிக்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பவுனிடம் கொடுத்தார்.

பவுனு எனக்குப் பக்கத்து வீடு. தட்டிக்கு அந்தப் பக்கம். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எனக்கு ஒரு வயது சின்னவள், சிநேகிதி. ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. நான் பாடுபட்டு எழுதிய நம்பர் அவளுக்குக் கோழி கிளறின மாதிரி. அவள் பாட்டுக்கு மூன்று மணி அடித்துவிட்டு, "உன் நம்பரு இன்னான்னு எனக்குத் தெரியாது, உன் மூக்கத் தெரியும், வாமே" என்பாள். வரிசையே சிரிக்கும். தட்டிக்கு இந்தப் பக்கம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரரும் சிரிப்பார். என் பேச்சுக்கு அவர் சிரித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பக்கத்துப் பேச்சுக்குச் சிரித்ததை எண்ண முடியாது.

வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தால் எரியும், அவள் பூ வைத்தால் எரியும், என் குழந்தை விமலா தவழ்ந்துபோய் அவள் மடியில் ஏறினால் எரியும்.

இதற்குள் மழை வந்துவிட்டது. ஏரி நிரம்பிக் குழாயில் பகலெல்லாம் தண்ணீர் வழிந்தது. வரிசை மட்டும் அப்படியே நின்றது. தண்ணீர் காலடியில் ஓடுகிறது, நாங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்குக் காத்திருக்கிறோம். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா யாரையும் அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. "நாளையிலிருந்து நீ முப்பத்தெட்டு" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகமாட்டார்கள். கோவில் பொங்கலில் யார் முன்னால் உட்காருவது, தேர்தலுக்கு எந்தச் சின்னம், யார் வீட்டுப் பெண்ணோடு யார் பேசலாம், எல்லாம் மெதுமெதுவாகக் குழாயடியில் முடிவாயிற்று. அக்காவுக்கு முதல் பலாச்சுளை போகும், முதல் கறிக்குழம்பு போகும். அவர் கேட்டது கிடையாது, நாங்களே கொண்டுபோவோம்.

மருமகனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்குத் தனக்குக் கீழே ஒருத்தி இருந்தாள். அது போதுமாக இருந்தது. நாற்பதாவது ஆளிடம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

4

நாற்பதாவது ஆள் முனியம்மா. அவள் புருஷனுக்கு நெஞ்செல்லாம் கல்தூசி. வேலைக்குப் போவது நின்று, இருமிக்கொண்டே கிடந்தார். விடிந்ததும் வெந்நீர் தொண்டையில் பட்டால்தான் மூச்சு வரும். வரிசைப்படி முனியம்மாவுக்குத் தண்ணீர் கிடைக்கப் பத்து மணி ஆகும்.

பவுனு ஒவ்வொரு நாளும் வரிசை சேருவதற்கு முன்னால் முனியம்மாவுக்கு ஒரு குடம் பிடித்துவிடுவாள். மணி அடிக்காமல். நான் பார்த்தேன். நல்ல காரியம் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்.

கொஞ்சம் முருங்கைக்கீரை ஆய்ந்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கீரையை வைத்தேன். விஷயத்தையும் வைத்தேன். அக்கா கீரையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியும். நீ எப்ப வந்து சொல்லுவன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கையில் கொடுத்தார். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. நான் அதை அங்கேயே நின்று தின்றேன்.

மறுநாள் காலை பவுனு கையிலிருந்து போல்ட்டை வாங்கிக்கொண்டார். "நாளையிலிருந்து நீ நாப்பது" என்றார். முனியம்மா முப்பத்தொன்பது. என்னிடம் போல்ட்டு வரும் என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வந்தன. போல்ட்டை அக்கா அதற்குப் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை.

பவுனு யார் சொன்னது என்று கேட்கவில்லை. அழவும் இல்லை. குடத்தை இடுப்பில் ஏற்றி, "தண்ணி கோரமண்டல்லயும் கீது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

5

கோரமண்டல் என்கிற அடுத்த குடியிருப்புக் குழாய்க்குப் போக வேண்டும் என்றால் சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் நடக்க வேண்டும். தங்கம் எடுத்த பிறகு கொட்டின வெள்ளை மணல் மலை. காற்றடித்தால் கண் திறக்க முடியாது. பவுனு திரும்பி வரும்போது தலை, புருவம், குடத்து வாய் எல்லாம் வெள்ளை. முதல் வாரம் அவளைப் பார்த்துச் சிரித்தோம்.

அடுத்த வாரம் முனியம்மா அவளோடு போனாள். அப்போது முப்பத்தெட்டாவது ஆள் கடைசி ஆள் ஆனாள். வரிசையின் கடைசியில் நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவளும் போனாள். அதற்கு அடுத்தவள் கடைசி. யாரும் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நிற்க மாட்டாமல்தான் ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். நான் நோட்டில் ஒவ்வொரு நம்பராக அடித்துக்கொண்டு வந்தேன். அக்கா நோட்டைப் பார்க்கிற நேரம் கூடிக்கொண்டே போயிற்று. "போனவங்க வீட்டுல நல்லது கெட்டதுன்னா இங்கேருந்து யாரும் போவக் கூடாது" என்றார். அதைச் சொன்ன வாரமே இன்னும் நாலு பேர் போனார்கள்.

கடைசியில் பத்தொன்பது வீடு மிஞ்சியது. அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை ஏர் பிளாஸ்ட்டு நடந்தது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆழத்தில் பாறை கனம் தாங்காமல் வெடிக்கும். பூமிக்குள் யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தினது மாதிரி இருக்கும். காலுக்குக் கீழே தரை ஓர் அங்குலம் நகரும். அன்று வரிசையில் இருந்த குடங்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் போட்டன. வீட்டுக்குள் அலமாரிப் பாத்திரமெல்லாம் விழுந்தன. எங்கள் லைன் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது கீழே இருந்தார்கள். என் வீட்டுக்காரரும்.

ஏர் பிளாஸ்ட்டு என்றால் பொம்பளைகள் போட்டது போட்டபடி ஷாஃப்ட்டு கேட்டுக்கு ஓடுவோம். எத்தனையோ காலத்து வழக்கம். மேலே வருகிற ஒவ்வொரு கூண்டிலும் அவரவர் ஆள் முகத்தைத் தேடுவோம். வருகிறவனும் கேட்டில் தன் பெண்டாட்டி முகத்தைத்தான் முதலில் தேடுவான்.

அக்கா ஒரு மணி அடித்தார்.

"யாரும் வரிசைய உட்டுப் போவக் கூடாது. நான் ஆள் அனுப்பி விசாரிக்கறேன்."

நாங்கள் நின்றோம். இன்று எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. அத்தனை பேரும் நின்றோம். புருஷன் கீழே, நாங்கள் குழாயடியில்.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து பவுனும் அவள் கூட்டமும் தலை வெளுத்து ஓடி வந்தார்கள். எங்கள் முன்னால் நிறைகுடங்களைத் தரையில் போட்டார்கள். தண்ணீர் எங்கள் காலை நனைத்தது. நிற்காமல் கேட்டுப் பக்கம் ஓடினார்கள். பவுனு ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னாமே நிக்கற" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். அக்கா இரண்டு தரம் மணி அடித்தார், மூன்றாவது தரம் கை தூக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் புருஷனும் அங்கேதானே. போல்ட்டை என் கையில் திணித்தார்.

"நீ பாத்துக்க. தண்ணி வீணாப் போவக் கூடாது." அவரும் ஓடினார்.

போல்ட்டு என் கையில் இருந்தது. எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முதல் குடத்தை இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தேன். நிறைந்தது. யாரும் இல்லாத இடத்தில் மூன்று மணி அடித்தேன். அடுத்த குடத்தை வைத்தேன். பத்தொன்பது குடத்தையும் நம்பர்ப்படி நிரப்பினேன். ஏன் என்று கேட்டால், நான் ஆசைப்பட்டது கையில் கிடைத்திருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எங்கள் லைனில் அன்று சாவு இல்லை. மத்தியானத்துக்குள் எல்லோரும் அவரவர் புருஷனோடு திரும்பி வந்தார்கள். பொம்பளைகள் என் பக்கம் பார்க்காமல் கைக்குக் கிடைத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினொன்றாம் நம்பர்க் குடத்தைப் பதினாறாம் வீட்டுக்காரி எடுத்துக்கொண்டுபோனாள். அக்கா, கையில் கட்டுப் போட்ட புருஷனைத் தாங்கிக்கொண்டு மரத்தடியைத் தாண்டிப் போனார். தண்டவாளத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பொம்பளை மட்டும் என்னிடம் நின்றாள்.

"உன் வீட்டுக்காரரு மேல வந்ததும் பவுனு கைய ரெண்டு கையாலயும் புட்ச்சிக்கினு நின்னாரு, தெரியுமா? நீ எங்க போன?"

அவர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கூழாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்த விமலாவின் நெற்றியில் கை வைத்தார். கழுத்திலும் வைத்துப் பார்த்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எங்கள் குடத்தைப் பார்த்தார்.

"நல்லா ரொப்பிக் கீற" என்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் யாரும் வரிசை கட்டவில்லை. சண்டை வந்தது, குடம் நெளிந்தது, ஆனால் அக்காவைக் கூப்பிடலாம் என்று ஒருத்தி வாயிலும் வரவில்லை. கலகம் இல்லை, கோஷம் இல்லை. அக்கா ஒரு வாரம் வெளியே வரவில்லை. அப்புறம் ஒரு காலையில் குடத்தோடு வந்து, யாரோ ஒருத்தி பின்னால் நின்றார். போல்ட்டைப் பவுனு எடுத்துக்கொண்டு போய்த் தன் கோழிக்கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாள்.

6

அவரும் நானும் அதற்குப் பிறகு ஐம்பது வருடம் குடும்பம் நடத்தினோம். நல்லபடியாகத்தான். அந்த நாளைப் பற்றி அவர் பேசவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கையையும் நான் மறக்கவில்லை. சுரங்கம் மூடி, விமலா எங்களை இங்கே அழைத்துக்கொண்ட பிறகும் பவுனைப் பற்றிய சேதி வந்தால் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். அவள் மகன் தினம் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறானாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவானாம். பேரப்பிள்ளைகள் கன்னடத்தில் படித்து, அவளோடு தமிழில் சண்டை போடுகிறார்களாம். என் பேத்தி என்னோடு சண்டை போடுவதில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை. "ஹாய் பாட்டி, சாப்டியா" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். பவுனுக்கு வாய்த்த சண்டை மேல்கூட எனக்குப் பொறாமைதான்.

போன வருடம் இங்கே ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி நாளில் நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் வந்திருந்தேன். கண் திறந்து என்னைத் தாண்டி எங்கோ பார்த்து, "பவுனு" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்க" என்று இழுத்தார். அதற்கு மேல் வரவில்லை.

நான் என் கையை எடுத்துக்கொண்டேன். போர்வையைச் சரி செய்வது மாதிரி.

அந்தக் கையோடுதான், கடிதம் வந்து ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பவுனுக்குப் போன் பண்ண உட்கார்ந்தேன். அங்கே சாயங்காலம். கீர்த்தி வீடியோவைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். திரையில் முதலில் ஒரு சுவர் தெரிந்தது, அப்புறம் ஒரு காது, அப்புறம் பவுனு. தலை முழுவதும் வெள்ளை. மேட்டைச் சுற்றி வந்த மாதிரியே இருந்தாள்.

"யாரு?"

"நான்தான் பவுனு. சரோஜா."

"எந்த சரோஜா? அச்சு சரோஜாவா? இன்னாமே இப்படி எளச்சிட்ட? அந்த ஊர்ல சோறு போடறாங்களா இல்லியா?"

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"உன் புருஷனுக்கு நீ பொண்டாட்டின்னு நான் சொல்லணுமா? நல்ல சர்க்காருமே அது. நான் இல்லன்னு சொல்லிட்டா?"

அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

"சும்மா சொன்னேன்டி. எழுதிக் குடுக்கறேன். பேத்தி டைப் அடிப்பா."

அப்போதுதான் சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பவுனு, அந்த போல்ட்டு உன் கையவிட்டுப் போச்சே. அக்காகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். நீ முருங்கக்கீரை எடுத்துக்கினு போறத பாத்தேன். எங்க மரத்துக் கீரதானே அது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாத்துக்குத் தலையத் தொங்கப் போட்டுக்கினு கீற? நானும்தான் போனேன் அக்காகிட்ட."

"எப்ப?"

"உனுக்கு மின்னாடியே. நீ குடத்துல நம்பரு எழுதுனியே, அன்னிக்கே. எழுதத் தெரிஞ்சவ கையில போல்ட்டக் குடுத்தா நாளைக்கு உன்மேலயே ஆபீசுக்கு மனு எழுதிப் போடுவா எக்கான்னு சொன்னேன். உன் கையெழுத்தப் பாத்தா எனக்கு அப்படி எரியும்மே. எங்கம்மா என்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலியேன்னு. எனக்கும் வெல்லம் குடுத்துச்சு அந்தக் கெயவி."

இரண்டு பேரும் சிரித்தோம். அக்காவிடம் கோள் சொல்ல எல்லோரும் போயிருக்கிறார்கள், முனியம்மாகூட ஒருமுறை போயிருக்கிறாள் என்றாள். அக்காவுக்கு ஆள் வைத்து வேவு பார்க்கத் தேவையே இருந்ததில்லை. எங்கள் வயிற்றெரிச்சலில்தான் அவருடைய அடுப்பு எரிந்திருக்கிறது.

அந்த இரண்டு கையைப் பற்றி மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

7

பத்து நாளில் காகிதம் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்து, முத்திரை குத்தி, அடியில் பவுனின் கையெழுத்து. எப்போது கற்றுக்கொண்டாளோ, எழுத்துகள் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி நின்றன. விமலா சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மாரிகுப்பம் லைனில் நான் இவர்கள் பக்கத்து வீடு. இவர்கள் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை, நான் அந்த லைனுக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆனால் இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று எனக்குத் தெரியும். எப்படி என்றால், ஏர் பிளாஸ்ட் நடந்த அன்று இவர் மேலே வந்து கேட்டில் நின்ற பொம்பளைகளை எல்லாம் பார்த்தார். அவள் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்து உலுக்கி, எங்க அவ, எங்க அவ என்று கேட்டார். வராததால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவருக்கு உடம்பு நடுங்கியது. குழந்தைக்கு ஜுரம், அதனால் வரவில்லை என்று நான் பொய் சொன்னேன். அப்புறம்தான் என் கையை விட்டார். கீழேயிருந்து உயிரோடு வந்ததும் அப்படிக் கேட்கிறவன் புருஷன் இல்லாமல் வேறு யார்."

விமலா காகிதத்தை வைத்தாள். "அந்தக் குழந்தை நானா?"

"நீதான்."

"எனக்கு ஜுரம் இல்லையா?"

"இல்ல."

"அப்ப நீ ஏம்மா போகல?"

காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். அவர் விமலாவின் நெற்றியில் கை வைத்தது, கழுத்தில் வைத்தது, நிறைந்த குடத்தைப் பார்த்தது. எல்லாம் தெரிந்துகொண்டு ஐம்பது வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

"ஆபீசுக்கு இவ்வளவு கதை வேணாம்மா. பக்கத்து வீடு, தெரியும்னு ஒரு வரி போதும். மத்ததை எடுத்துட்டு மறுபடி அனுப்பச் சொல்லட்டுமா?"

"வேணாம். அப்படியே அனுப்பு" என்றேன்.

அவள் டியூட்டிக்குப் போன பிறகு அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம் எனக்குப் படிக்க வராது. கடைசியில் இருந்த கையெழுத்தை மட்டும் படித்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் பவுனு என்று கூப்பிட்டு, எங்க என்று கேட்டது யாரை என்று இப்போது தெரிகிறது. ஒரு முழ தூரத்தில்தான் இருந்தேன். இங்கதான் கீறேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல், குழாயடியில் நின்ற மாதிரியே நின்றுவிட்டேன்.